14ம் தாளும் 15ம் தாளும்: நீண்ட பாதைகளைத் தாளில் அடக்கிய வரலாறு



இது நீண்ட பதிவு. வரலாறு படிப்பிக்கும் ஆட்களுக்குச் சுருக்கிச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். அதோடு இதில் எமது தவறு ஒன்றும் இருக்கிறது. அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னர் ஊருக்குள்ளால் போகும் பிரதான வீதியை அகலமாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு பீடிஎஃப் சுற்றி வந்தது. முழுக் கோப்பு அல்ல. எமது ஊர்ப் பகுதி வருகின்ற ஒரு பக்கத்தை மட்டும் யாரோ பிரித்தெடுத்து அனுப்பியிருந்தார்கள். 14ம் தாள்.

நாங்கள் நாலைந்து பேர் அதைக் கொமியுனிகேஷன் கடையில் கொடுத்து ஏ3 தாளில் அச்செடுத்தோம். இஷாத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முன்றலில் விரித்து வைத்தோம். மூலையில் அளவிடை 1:1000 என்று இருந்தது. பாடசாலைப் பையில் இருந்த அடிமட்டத்தை எடுத்து, இப்போதுள்ள மதில் வரிசைக்கும் புதிய சிவப்புக் கோட்டுக்கும் இடையில் வைத்தோம். 4 மில்லிமீட்டர். ஆயிரத்தால் பெருக்கினால் 4 மீட்டர். "முன் மதிலும் கொஞ்சம் முற்றமும்தான் போகும், வீடுகளுக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்" என்று சபைக்குச் சொன்னது வேறு யாருமில்லை, நாம்தான். ஆசிரிய கலாசாலையில் தேசப்பட வாசிப்பு படித்தவர் என்பதால் எல்லோரும் நம்பினார்கள்.

அந்த வரைபடம் ஏ1 தாளுக்கென்று வரையப்பட்டது. ஏ1 இல் உள்ளதை ஏ3 இல் அச்செடுத்தால் நீளங்கள் எல்லாம் சரிபாதியாகும். 1:1000 என்ற எழுத்து மட்டும் அப்படியே இருக்கும், அது பொய்யாகிவிடும். உண்மையான அளவிடை 1:2000. நாம் அளந்த 4 மில்லிமீட்டர் நிலத்தில் 8 மீட்டர்.

இதைவிடப் பெரிய பிழை தாளின் வலது ஓரத்தில் இருந்தது. அங்கே மேலிருந்து கீழாக ஒரு தடித்த கோடு. பக்கத்தில் ஆங்கிலத்தில் "தொடர்ச்சிக்கு 15ம் தாளைப் பார்க்கவும்" என்று சின்ன எழுத்தில் இருந்தது. அந்தக் கோடு ஒரு ராத்தாவின் வளவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போனது. 14ம் தாளில் இருந்த அரைவாசி வளவில் சிவப்புக் கோடு படவில்லை. மற்ற அரைவாசி 15ம் தாளில். அந்தத் தாள் எங்கள் யாரிடமும் இல்லை. இருக்கிறதா என்று தேடவும் இல்லை. வீதி அந்த இடத்தில்தான் வளைகிறது.

ராத்தா எமது பேச்சை நம்பி, வளவின் முன்பக்கத்தில் சின்னதாக ஒரு கடை அறை கட்டத் தொடங்கினார். ஜன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பிய பிறகுதான் நில அளவையாளர்கள் வந்து கல் நட்டார்கள். சுவருக்கு உட்பக்கமாக.

அதற்குப் பிறகுதான் எமக்கு ஒரு கேள்வி வந்தது. ஒரே வீதியை ஏன் இப்படித் துண்டு துண்டாக வெட்டி வரைகிறார்கள்? யார் தொடக்கியது இது? தேடத் தேட, கதை எங்கெங்கோ போனது.

நாடு, மாவட்டம், ஊர் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைவது அவ்வளவு சிரமமில்லை. அவற்றுக்கு நீளமும் உண்டு, அகலமும் உண்டு. பிரித்தாலும் கட்டம் கட்டமாகப் பிரிக்கலாம். எமது நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குல இடவிளக்கப்படம் முழுத் தீவையும் 72 தாள்களில் அடக்கியது அப்படித்தான். ஆனால் வீதி, ரெயில் பாதை, வாய்க்கால், குழாய்வழி என்பவை வேறு சாதி. நீளம் 30 கிலோமீட்டர், அகலம் 30 மீட்டர். முழுவதையும் ஒரு தாளில் காட்டினால் வீதி ஒரு மயிரிழை. வீடுகள் தெரியும் அளவுக்குப் பெருப்பித்தால் தாள் 30 மீட்டர் நீளமாகிவிடும்.

இந்தச் சிக்கல் ரோமர் காலத்திலேயே இருந்தது. வியன்னாவில் உள்ள தேசிய நூலகத்தில் பியூட்டிங்கர் பட்டயம் என்று அழைக்கப்படும் ஒரு தோல் சுருள் இருக்கிறது. ரோமர் காலத்து வீதிப் படம் ஒன்றின் மத்தியகாலப் பிரதி அது. உயரம் ஓர் அடிக்குச் சற்று அதிகம், நீளமோ ஏறத்தாழ 6.75 மீட்டர். வீதிகளைக் காட்டுவதற்காக உலகத்தையே பிடித்து இழுத்து நீட்டியிருக்கிறார்கள். கடல்கள் ஆறுகளைப் போல ஒடுங்கிக் கிடக்கும். எங்கே எந்த ஊர், அடுத்த ஊருக்கு எவ்வளவு தூரம் என்பது தெரியும். திசையை அதில் தேடக்கூடாது.

திசையையும் விடாமல் அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஜோன் ஒகில்பி. வினோதமான மனிதர். முதலில் நடன ஆசிரியர். காலில் அடிபட்டு ஆட்டம் நின்றது. பிறகு நாடகக் கொட்டகை நடத்தினார், இலத்தீன் காவியங்களை மொழிபெயர்த்தார். எழுபது வயதைத் தாண்டியபின் 1675 இல் 'பிரித்தானியா' என்ற வீதிப் படத் தொகுதியை வெளியிட்டார். 100 தாள்கள், சுமார் 7,500 மைல் வீதி. ஒரு சில்லை வீதியில் உருட்டி, அது எத்தனை தரம் சுழன்றது என்று பார்த்து அளந்தார்கள். அளவிடை ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்.

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வீதியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரே தாளில் ஆறேழு பட்டிகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரு பட்டியில் கீழிருந்து மேலே போய், உச்சியை அடைந்ததும் அடுத்த பட்டியின் அடிக்கு வந்து தொடர வேண்டும். ஒவ்வொரு பட்டியிலும் வீதி கிட்டத்தட்ட நேராக மேல்நோக்கிப் போகும். அப்படிப் போக வைப்பதற்காக அவர் வீதியைத் திருப்பவில்லை, வடக்கைத் திருப்பினார். ஒவ்வொரு பட்டியிலும் தனித்தனியாக ஒரு திசைகாட்டி இருக்கும். ஒன்றில் வடக்கு மேலே, அடுத்ததில் வலப்பக்கம், இன்னொன்றில் கீழே. வீதி மலையேறும் இடத்தில் மலையை நிமிர்த்தி வரைந்தார். இறங்கும் இடத்தில் அதே மலையைத் தலைகீழாக வரைந்தார்!

14ம் தாளைப் பார்த்து எமது ஊர்க் காக்கா ஒருவர் "பள்ளியை ஏன் திருப்பி வெச்சிருக்கானுகள்? கிப்லா தெற்கால போகுதே" என்று கோபப்பட்டார். நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். உண்மையில் அவர் மட்டும்தான் அன்று அந்தத் தாளைச் சரியாகப் பார்த்திருக்கிறார். வீதி தாளில் இடமிருந்து வலமாகக் கிடைக்கவேண்டும் என்பதற்காக நாட்டையே திருப்பி வைத்திருந்தார்கள். மூலையில் வடக்கு அம்புக்குறி சாய்ந்து கிடந்தது. ஒகில்பி செய்த அதே வேலை. அடிமட்டத்தோடு நின்ற நாம் அதைக் கவனிக்கவே இல்லை.

வீதியின் மேல் ஓர் இடத்தைச் சொல்வதற்கும் ஒரு முறை வேண்டும். 1620 அளவில் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் 66 அடி நீளமான, 100 வளையங்கள் கொண்ட அளவுச் சங்கிலியைக் கொண்டுவந்தார். 80 சங்கிலி ஒரு மைல். தொடக்கத்திலிருந்து எத்தனை சங்கிலி என்று எண்ணிக்கொண்டே போனால் பாதையின் எந்தப் புள்ளிக்கும் ஓர் இலக்கம் கிடைக்கும். இன்று மீட்டரில் அளந்தாலும் பொறியியலாளர்கள் அதைச் செயினேஜ் என்றே சொல்கிறார்கள். வரைபடத்தில் 12+340 என்று கண்டால், தொடக்கத்திலிருந்து 12 கிலோமீட்டரும் 340 மீட்டரும் என்று அர்த்தம். இது எங்களுக்குப் புதிதும் அல்ல. மூன்றாம் கட்டை, ஐந்தாம் கட்டை என்று ஊருக்கே பெயர் வைத்த சனம் நாங்கள்.

இனி ரெயில் பாதைக்கு வருவோம். இந்தக் கதையில் காணி, வழக்கு, பணம், பொய் எல்லாம் நுழைவது அங்கேதான்.

இங்கிலாந்தில் லிவர்பூலுக்கும் மென்செஸ்டருக்கும் இடையில் ரெயில் பாதை போட 1825 இல் நாடாளுமன்றத்துக்கு ஒரு மசோதா போனது. பொறியியலாளர் ஜோர்ஜ் ஸ்டீவன்சன். பெரிய காணிச் சொந்தக்காரர்களும் வாய்க்கால் முதலாளிமாரும் விரும்பவில்லை. நிலத்தை அளக்க வந்தவர்களைக் காவலாட்களை வைத்து விரட்டினார்கள். இரவிலும், ஆட்கள் சாப்பாட்டுக்குப் போன நேரத்திலும் திருட்டுத்தனமாக அளக்க வேண்டியிருந்தது. மட்டம் எடுக்கும் வேலையை ஸ்டீவன்சன் உதவியாளர்களிடம் விட்டிருந்தார். நாடாளுமன்றக் குழுவின் முன்னால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எட்வர்ட் அல்டர்சன் அந்த வரைபடங்களை விரித்து வைத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினார். மட்டங்கள் பிழை. ஆற்றைக் கடக்கும் பாலத்தின் உயரம் பிழை. ஸ்டீவன்சனால் பதில் சொல்ல முடியவில்லை. உலகத்திலேயே மிகச் சிறந்த ரெயில் பொறியியலாளர் ஒரு வரைபடத்தால் தோற்றார். மசோதா அந்த வருடம் விழுந்தது. வேறு ஆட்களை வைத்து மறுபடி அளந்து, பாதையையும் மாற்றி, 1826 இல்தான் அனுமதி கிடைத்தது. 1830 செப்டம்பர் 15 இல் ரெயில் ஓடியது.

பாதையில் எதிர்பாராமல் அகப்பட்ட சாதாரண சனத்துக்கு இதில் ஒரு நன்மை கிடைத்தது. ரெயில் கம்பனிகள் மசோதா கொண்டுவருவதற்கு முன்னர் எப்படியான வரைபடம் தர வேண்டும் என்பதற்கு நாடாளுமன்றம் கடுமையான விதிகள் வைத்திருந்தது. மைலுக்கு 4 அங்குலத்துக்குக் குறையாத அளவிடை. கட்டடங்கள் இருக்கும் இடம் என்றால் அதைப் பெருப்பித்துத் தனியாகக் காட்ட வேண்டும். நடுக்கோடு, அதன் இருபுறமும் பாதை எவ்வளவு தூரம் விலகலாம் என்ற எல்லைக் கோடுகள். அந்த எல்லைக்குள் வரும் ஒவ்வொரு காணித் துண்டுக்கும் ஓர் இலக்கம். கூடவே ஒரு புத்தகம். அதில் இலக்கவாரியாக, காணி யாருடையது, குத்தகைக்கு எடுத்தவர் யார், இருப்பவர் யார் என்று எழுத வேண்டும். கூலிக்குக் குடிசையில் இருந்தவரின் பெயரும் பிரபுவின் பெயருக்குப் பக்கத்தில் வரும்.

இந்த வரைபடத்தை ஒவ்வொரு வருடமும் நவம்பர் 30 க்கு முன் கையளிக்க வேண்டும். இலண்டனில் மட்டுமல்ல, பாதை போகும் மாவட்டத்தின் அலுவலரிடமும். அந்தந்த ஊருக்குரிய துண்டை அந்தந்த ஊர்ப் பங்கின் எழுதுவினைஞரிடமும் கொடுக்க வேண்டும். சிறு கட்டணம் கட்டி யாரும் போய்ப் பார்க்கலாம், பிரதி எடுக்கலாம். 1837 இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. காணிக்காரர்களிடம் சம்மதமா, எதிர்ப்பா, இரண்டும் இல்லையா என்றும் கேட்டுப் பதிய வேண்டும். 1845 இல் வந்த இன்னொரு சட்டம் அந்த விலகல் எல்லைக்கும் உச்ச அளவு வைத்தது. நகரத்துக்குள் 10 யார், வெளியில் 100 யார்.

தபால் வண்டி குதிரையில் போன காலத்தில், வரைபடத் துண்டு ஊருக்குத் தேடி வந்திருக்கிறது. நாம் பள்ளி முன்றலில் நின்ற காலத்தில் எல்லோர் கையிலும் போன் இருந்தது, ஆனால் 15ம் தாள் இல்லை. ஒப்பிட்டுப் பார்த்து வெட்கப்பட்டோம்.

1845 நவம்பர் 30 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அது ரெயில் பைத்தியம் பிடித்த வருடம். அந்த நள்ளிரவுக்குள் நூற்றுக்கணக்கான கம்பனிகள் இலண்டனில் வரைபடம் கையளிக்க முண்டியடித்தன. வரைஞர்கள் நாட்கணக்கில் தூங்கவில்லை. உள்ளூரில் ஆள் போதாமல் பெல்ஜியத்திலிருந்து கல்லச்சுத் தொழிலாளர்களை இறக்கினார்களாம். போட்டிக் கம்பனியின் வரைபடத்தைத் தனது ரெயிலில் ஏற்ற ஒரு கம்பனி மறுத்ததாகவும், இவர்கள் மையித்து வண்டி ஒன்றுக்குள் வரைபடங்களை வைத்து, துக்க உடுப்போடு ஆட்களை ஏற்றி அதே ரெயிலில் கொண்டுபோனதாகவும் ஒரு கதை சொல்வார்கள். எவ்வளவு உண்மையோ. அந்த அவசரத்தில் கையளிக்கப்பட்ட வரைபடங்களில் எத்தனையோ குப்பை. நேரில் போய் அளக்காமல் பழைய படங்களைப் பார்த்து வரைந்தவையும் உண்டு.

அந்தக் காலத்து வரைபடங்களில் மேலே பாதையின் கிடைப்படம் இருக்கும். தனியாகவோ கீழேயோ நெடுக்குவெட்டு. அதாவது பாதையின் நடுவால் நிலத்தைக் கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் ஏற்ற இறக்கம் எப்படித் தெரியுமோ அது. இதில் ஒரு தந்திரம் உண்டு. கடுகண்ணாவை ஏற்றத்தில் எமது ரெயில் 45 அடி போனால் 1 அடி ஏறும். ரெயிலுக்கு அது பயங்கர ஏற்றம், இரண்டு எஞ்சின் மாட்டிய காலமும் உண்டு. ஆனால் அதை உள்ளபடி வரைந்தால் 750 மில்லிமீட்டர் தாளில் வெறும் 17 மில்லிமீட்டர்தான் உயரும். கண்ணுக்கு மட்டமாகத்தான் தெரியும். அதனால் உயரத்தை மட்டும் பத்து மடங்கு பெருப்பித்து வரைவார்கள். 17 மில்லிமீட்டர் 170 ஆகிவிடும். இன்றைய வீதி வரைபடங்களிலும் இதுதான் வழக்கம். 14ம் தாளின் கீழ்ப்பாதியில் மலைபோல் ஒன்று நின்றதைப் பார்த்து "எங்கட ஊர்ல எங்க மலை?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். மலையில்லை, கலிங்கு கட்டும் இடத்தில் வீதியைக் கொஞ்சம் உயர்த்துகிறார்கள். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஹிஜாஸ் ரெயில் பாதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1900 இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் அறிவித்து, 1908 இல் டமஸ்கஸிலிருந்து மதீனா வரை, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். இந்திய முஸ்லிம்கள் உட்படப் பல நாட்டு முஸ்லிம்கள் காசு அனுப்பினார்கள். தலைமைப் பொறியியலாளர் ஜேர்மனியரான மைஸ்னர். ஆனால் ஹஜ் வணிகக் கூட்டங்கள் நடந்த வழியோடு போய் நிலத்தை அளந்தவர் உஸ்மானியப் பொறியியலாளர் ஹாஜி முக்தார் பே. அல்உலாவுக்கு அப்பால் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது என்பதால் கடைசிப் பகுதி வேலை முழுவதும் முஸ்லிம் பொறியியலாளர் கையில் வந்தது. ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டரை எத்தனை தாளில் அடக்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வரைந்ததைப் பிரதி எடுப்பது எப்படி? கஞ்சி போட்டு மெருகேற்றிய மெல்லிய துணியில் மையால் வரைவார்கள். துணி கிழியாது, ஒளி ஊடுருவும். ஜோன் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி 1842 இல் இரும்பு உப்புப் பூசிய தாளை வெயிலில் வைத்து நீலப் படம் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். துணி வரைபடத்தை அந்தத் தாளின் மேல் வைத்து வெயில் காட்டிக் கழுவினால் நீலத்தில் வெள்ளைக் கோடு வரும். புளூபிரின்ட் என்ற சொல் அதிலிருந்து வந்தது. பிறகு அமோனியா மணக்கும் தாள்கள் வந்து, வெள்ளையில் நீலக் கோடு விழுந்தது. பழைய நில அளவையாளர் ஒருவர் எம்மிடம் சொன்னார், அந்த அறைக்குள் போனால் கண்ணீர் வராமல் வெளியே வர முடியாதாம். இந்தப் பிரதிகள் சுருளாக எவ்வளவு நீளத்துக்கும் வரும் என்பதைக் கவனியுங்கள். இயந்திரத்தின் அகலம்தான் கட்டுப்பாடு. நீளத்துக்கு எல்லை இல்லை.

கணினி வந்தபோது நிலைமை தலைகீழானது. 1982 இன் இறுதியில் ஓட்டோகேட் வெளிவந்தது. இப்போது வரைஞர் வீதியைத் துண்டாக வரைவதில்லை. 30 கிலோமீட்டரையும் ஒரே வெளியில், உண்மையான ஆள்கூறுகளோடு, உண்மையான அளவில் வரைகிறார். தாள் பிறகுதான் வருகிறது. நடுக்கோட்டின் வழியே ஜன்னல் ஜன்னலாக வெட்டி, ஒவ்வொரு ஜன்னலையும் வீதி கிடையாக வரும்படி திருப்பி, ஒவ்வொன்றையும் ஒரு ஏ1 தாளில் ஒட்டுகிறார்கள். மென்பொருளே இதைச் செய்துவிடும். அளவிடை 1:1000 என்றால் ஒரு தாளில் 750 மீட்டர் அளவு அடங்கும், 30 கிலோமீட்டருக்கு 40 தாள். ஒரு தாள் முடிந்து மறு தாள் தொடங்கும் இடத்தில் பொருத்துக் கோடு. எல்லாத் தாளும் எப்படிச் சேர்கின்றன என்று முதல் பக்கத்தில் ஒரு சாவிப் படம். பிறகு மொத்தமாகப் பீடிஎஃப் ஆக மாற்றுவார்கள்.

ஏன் பீடிஎஃப்? அடோபி நிறுவனத்தின் ஜோன் வோர்னொக் 1991 இல் ஒரு குறிப்பு எழுதினார். எந்தக் கணினியில் செய்த ஆவணமும் எந்தக் கணினியிலும் அப்படியே தெரிய வேண்டும், அப்படியே அச்சாக வேண்டும் என்பதுதான் அவர் யோசனை. 1993 இல் பீடிஎஃப் வெளிவந்தது. 2008 இல் சர்வதேசத் தரமானது. பொறியியலாளர்களுக்கு அதில் பிடித்த விடயம் ஒன்று. பீடிஎஃப் பக்கத்துக்குத் தனது உண்மையான அளவு தெரியும். அங்குலத்தின் 72 இல் ஒரு பங்கை அலகாக வைத்து, இந்தப் பக்கம் 841 மில்லிமீட்டர் நீளம், 594 அகலம் என்று கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும். கோப்பின் பண்புகள் என்ற இடத்தைத் திறந்தால் யாரும் பார்க்கலாம். அன்று நாம் அதைத் திறந்திருந்தால் ஏ3 அடிமட்டக் கணக்கு நடந்திருக்காது.

கோடுகள் கோடுகளாகவே கோப்பில் இருப்பதும் பெரிய வசதி. எவ்வளவு பெருப்பித்தாலும் கூராக இருக்கும். அதையே தாளாக ஸ்கேன் செய்தால் வெறும் புள்ளிக் கூட்டம். ஏ0 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 14 கோடிப் புள்ளிகள். கோப்பும் கனக்கும், காணி இலக்கத்தைத் தேடவும் முடியாது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதுவும் நசிந்து, 3 ஆ 8 ஆ என்று தெரியாமல் போகும். கோடுகளாகவே உள்ள கோப்பிலும் சிலவேளை தேடல் வேலை செய்யாது. ஓட்டோகேட்டின் பழைய எழுத்துருக்கள் எழுத்தாக இல்லாமல் கீறல்களாகவே பீடிஎஃப்புக்குள் போய்விடும். கண்ணால்தான் தேட வேண்டும்.

துண்டு போடாமல் முழு வீதியையும் ஒரே நீளப் பக்கமாகத் தரலாமே? ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள். அங்கேதான் வேடிக்கை. அடோபியின் மென்பொருளில் பக்க நீளத்துக்கு உச்ச வரம்பு 14,400 அலகு, அதாவது 200 அங்குலம், 5.08 மீட்டர். 1:1000 இல் ஐந்து கிலோமீட்டர் வீதிதான். நீலத் தாள் சுருளுக்கு இல்லாத எல்லை கணினிக்கு வந்தது! பின்னர் பீடிஎஃப் 1.6 பதிப்பில் அலகையே பெருப்பிக்க வழி விட்டார்கள். அதன் உச்சம் எவ்வளவு தெரியுமா? ஒரு பக்கம் 381 கிலோமீட்டர் நீளம். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை 430 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கிட்டத்தட்ட இலங்கையை உள்ளபடி ஒரே பக்கத்தில் வரைந்துவிடலாம். அச்செடுப்பதற்கு எந்தக் கொமியுனிகேஷன் கடைக்குப் போவது என்பது வேறு கேள்வி.

ஆனாலும் துண்டுத் தாள்தான் நிலைத்தது. ஐந்து மீட்டர் நீளமான பக்கத்தைத் திரையில் இழுத்துக்கொண்டு போனால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. களத்தில் வெயிலில் நிற்பவருக்குத் தனது 750 மீட்டர் போதும்.

சட்ட விடயம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம், பலர் உள்பெட்டியில் கேட்டதால். பொறியியலாளரின் பீடிஎஃப், வீதி எப்படி அமையும் என்ற வடிவமைப்பு. உங்கள் காணியில் எத்தனை பேர்ச் போகிறது என்பதை அது முடிவு செய்யாது. 1950 இன் 9ம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படி அறிவித்தல்கள் ஒட்டப்பட்டு, ஆட்சேபனைக்கு இடமளிக்கப்பட்டு, பிறகு நில அளவைத் திணைக்களம் அளந்து துண்டிலக்கங்களோடு தனியாக ஒரு வரைபடம் செய்யும். நட்ட ஈட்டுக்குப் பேசுவது அந்த வரைபடம்தான். அவசரமென்றால் 38ம் பிரிவில் காணியை முன்கூட்டியே பொறுப்பேற்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே பீடிஎஃப்பைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், எம்மைப் போல் தைரியம் சொல்லவும் வேண்டாம். எங்கே, எத்தனையாம் தாளில், எந்தச் செயினேஜில் எமது வளவு வருகிறது என்று தெரிந்துகொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனால் அவர்களும் பதில் சொல்லுவார்கள். "எங்கட வீட்டுக்கு என்ன நடக்கும்" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

ராத்தாவின் அந்தச் சுவர் இன்னும் ஜன்னல் மட்டத்தில்தான் நிற்கிறது. நாங்கள் போய் விடயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். "அல்லாஹ்ட நாட்டம்" என்று சொல்லிப் பிளேன்டீ ஊற்றித் தந்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சென்ற வருடம் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலைக்கான வரைபடம் வந்தது. இம்முறை முழுக் கோப்பையும் கேட்டு வாங்கினோம். ஊருக்கு உட்பட்ட ஒன்பது தாள்களையும் உரிய அளவில், நகரத்தில் உள்ள பெரிய அச்சு இயந்திரத்தில் எடுத்து, பாடசாலை மண்டபத்தின் தரையில் பொருத்துக் கோட்டோடு பொருத்துக் கோடு சேர்த்து டேப் ஒட்டினோம். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வீதியின் மேல் நடந்து தங்கள் தங்கள் வீட்டைத் தேடினார்கள். அஸருக்குப் பிறகு ஊர்ச் சனமும் வந்தது. ராத்தாவும் வந்தார். வாசலில் நின்றபடியே, வளவைத் தேடவில்லை, குழாய் எங்கே போகிறது என்று கேட்கவில்லை.

"சேர், எல்லாத் தாளும் இருக்கா?" என்றார்.